கடிதத்தில் நடந்த தோட்டம்: ஜான் கிளாட்ஸ்டனும் டெமராராவும்

1836 ஜனவரி 4 அன்று லிவர்பூலிலிருந்து ஜான் கிளாட்ஸ்டன் என்ற வணிகர் கல்கத்தாவின் கில்லாண்டர்ஸ், ஆர்பத்நாட் கம்பெனிக்கு ஒரு கடிதம் எழுதினார். பார்த்தால் சாதாரண வணிகக் கடிதம். தன் கரும்புத் தோட்டங்களுக்கு நூறு ஆட்கள் வேண்டும், இளவயதாக இருக்க வேண்டும், உடல்வலு வேண்டும், ஐந்து முதல் ஏழு வருடம் வரை ஒப்பந்தம் போடலாம் என்று கேட்டிருந்தார். காரணத்தையும் ஒளிக்கவில்லை. தோட்டத்தில் இப்போதிருக்கும் கறுப்பினத்தவர்கள் 1840-ல் கட்டாய வேலை முடிந்த பிறகும் வேலை செய்வார்களா என்பது சந்தேகம். அவர்களை நம்பி இருக்க வேண்டியிராத ஒரு நிலை வேண்டும்.

(சென்னையில் 1906-ல் திவாலாகி, இந்தியன் வங்கி பிறக்கக் காரணமான ஆர்பத்நாட் கம்பெனி நினைவுக்கு வந்தால், அது வேறு நிறுவனம்.)

நூறு மூட்டை அரிசிக்கு ஆர்டர் போடுவது போல நூறு மனிதர்களுக்கு ஆர்டர். இப்படி ஒரு கடிதத்தை ஒருவரால் சாவகாசமாக எழுத முடிந்தது எப்படி என்பதுதான் இந்த ஆய்வு எடுத்துக்கொள்ளும் கேள்வி. கிளாட்ஸ்டன் சாட்டை எடுத்தவர் அல்ல. தன் தோட்டங்கள் இருந்த தென் அமெரிக்காவின் டெமராராவுக்கு வாழ்நாளில் ஒருமுறைகூடப் போனவரும் அல்ல. இரண்டாயிரத்து ஐந்நூறு பேருக்கு மேல் அவருக்குச் சொத்தாக இருந்தார்கள். அத்தனை பேரின் வாழ்வும் சாவும் தபாலில்தான் நடந்தது.

தானிய வியாபாரி தோட்ட முதலாளி ஆன கதை

ஸ்காட்லாந்தின் லீத் துறைமுகத்தில் 1764-ல் ஒரு தானிய வியாபாரியின் மகனாகப் பிறந்தார் ஜான். அப்போது குடும்பப் பெயர் கிளாட்ஸ்டன்ஸ். அந்தக் கடைசி 'ஸ்'ஸை அவர் பின்னால் கழற்றிவிட்டார். 1787-ல் லிவர்பூல் வந்து, கோர்ரி, பிராட்ஷா என்ற இருவரோடு கூட்டுச் சேர்ந்து தானியத் தொழில் செய்தார். கை வைத்ததெல்லாம் காசானது. கிழக்கிந்தியக் கம்பெனியின் இந்திய வணிக ஏகபோகம் 1813-ல் ஒழிந்ததும் காத்திருந்தவர் போல 'கிங்ஸ்மில்' என்ற கப்பலைக் கல்கத்தாவுக்கு அனுப்பினார். கல்கத்தாவோடு அவருக்கு இருந்த இந்தப் பழக்கம் இருபது வருடம் கழித்து வேறு விதமாகப் பயன்பட்டது.

டச்சுக்காரர்களிடமிருந்து டெமராராவை 1803-ல் ஆங்கிலேயர் பிடித்தார்கள். இன்றைய கயானாவின் ஒரு பகுதி அது. கடைகளில் பழுப்பு நிறத்தில் விற்கும் டெமராரா சர்க்கரை பெயர் வாங்கியது அங்கிருந்துதான். பிடித்த அதே வருடம் கிளாட்ஸ்டனின் பணம் அங்கே போய்ச் சேர்ந்தது. பெல்மான்ட் என்ற தோட்டத்தின் மீது அடமானக் கடன். வட்டிக்குக் கொடுத்து, பங்கு வாங்கி, கடைசியில் மொத்தத்தையும் எடுத்துக்கொள்வது நமக்கும் தெரிந்த வழிதான். 'சக்ஸஸ்' என்ற தோட்டத்தில் 1812-ல் பாதிப் பங்கு வாங்கினார், 1816-ல் முழுத் தோட்டமும் அவருடையதாயிற்று. 1826-ல் 'வ்ரீட்-என்-ஹூப்' வந்தது. டச்சு மொழியில் அந்தப் பெயருக்கு 'அமைதியும் நம்பிக்கையும்' என்று பொருள். ஜமைக்காவிலும் தோட்டங்கள் சேர்ந்தன.

சக்ஸஸ் முதலில் காப்பித் தோட்டம். காப்பியில் லாபம் குறைகிறது என்று அதைக் கரும்புக்கு மாற்றினார்கள். லிவர்பூல் பேரேட்டில் இது ஒரு வரி. தோட்டத்தில் அது என்னவாக இருந்தது என்று பார்க்க வேண்டும். டெமராரா கரை கடல்மட்டத்துக்குக் கீழே கிடக்கும் களிமண் பூமி. கடல் பக்கம் அணை, பின்பக்கம் நன்னீர் அணை, நடுவில் வலைப்பின்னலாக வாய்க்கால்கள். அலை இறங்கும்போது மதகைத் திறந்து நீரை வெளியேற்ற வேண்டும். அந்த மதகுக்கு அங்கே இன்றும் 'கோக்கர்' என்ற டச்சுப் பெயர்தான். ஒரு சதுர மைல் கரும்புக்கு 49 மைல் வடிகாலும் 16 மைல் மேல்மட்ட வாய்க்காலும் வேண்டியிருந்தன என்று 1940-களின் கடைசியில் அங்கே சர்க்கரைத் தொழிலை ஆராய வந்த வென் கமிஷன் கணக்கிட்டது. இந்தக் கரையை உண்டாக்க அடிமைகள் அள்ளிப் போட்ட களிமண் குறைந்தது 10 கோடி டன். அள்ளியது மண்வெட்டியால், இடுப்பளவு சேற்றில் நின்று.

காப்பி பறிக்கச் சற்று நிதானம் உண்டு. கரும்புக்குக் கிடையாது. வெட்டிய கரும்பு ஓரிரு நாளில் ஆலைக்குப் போகாவிட்டால் சாறு புளித்துவிடும். வெட்டு காலத்தில் பகல் முழுக்க வயல், அப்புறம் இரவில் கொதிகொப்பரை. சக்ஸஸில் 160-ஆக இருந்த அடிமைகளின் எண்ணிக்கை 330-ஐத் தாண்டியது. ஆப்பிரிக்காவிலிருந்து ஆள் கொண்டுவருவதை 1807-லேயே சட்டம் தடை செய்திருந்ததால், வேறு தோட்டங்களில் இருந்தவர்களைத்தான் வாங்கிச் சேர்க்க முடிந்தது. வேரூன்றிய இடத்திலிருந்து பிடுங்கி நடுவது என்றால் இதுதான்.

இதையெல்லாம் கவனித்துக்கொள்ள ஃப்ரெடரிக் கோர்ட் என்ற ஏஜென்ட் அங்கே இருந்தார். ஆட்கள் நன்றாக இருக்கிறார்கள், திருப்தியாக இருக்கிறார்கள் என்று அவர் எழுதுவார். லிவர்பூலில் அது நம்பப்படும். நம்புவதால் செலவு ஒன்றும் இல்லையே.

குவாமினா

சக்ஸஸில் குவாமினா என்ற தச்சர் இருந்தார். சனிக்கிழமை பிறந்த ஆண் குழந்தைக்கு மேற்கு ஆப்பிரிக்காவின் அகான் மக்கள் வைக்கும் பெயர் அது. பக்கத்துத் தோட்டமான ல ரெசுவேனிரில் லண்டன் மிஷனரி சங்கம் நடத்திய பெத்தேல் சபையில் அவர் டீக்கன் என்ற பொறுப்பில் இருந்தார். 1817-ல் வந்த ஜான் ஸ்மித் என்ற இளம் மிஷனரி அவரைப் பெரிதும் மதித்தார். குவாமினாவின் மகன் ஜாக், பீப்பாய் செய்பவர். சர்க்கரை கப்பலேறுவதே பீப்பாயில்தான் என்பதால் அது மதிப்புள்ள கைத்தொழில். அவர் பெயர் ஜாக் கிளாட்ஸ்டன். முதலாளியின் பெயரையே அடிமையும் சுமந்தார்.

குவாமினாவின் மனைவி பெகி 1822-ல் கடும் நோயில் விழுந்தார். அருகில் இருந்து பார்க்கக் குவாமினாவுக்கு விடுப்பு கிடைக்கவில்லை. நாள் முழுக்க வேலை வாங்கினார்கள். ஒரு நாள் இரவு வேலை முடிந்து வீடு திரும்பியபோது பெகி இறந்து கிடந்தார். லிவர்பூலுக்குப் போன எந்தக் கடிதத்திலும் இது இடம்பெற வேண்டிய செய்தியாக யாருக்கும் தோன்றியிருக்காது. 

அடுத்த வருடம் ஒரு செய்தி பரவியது. அடிமைகளின் நிலையைச் சற்றுத் திருத்தும்படி லண்டனிலிருந்து காலனிகளுக்கு உத்தரவு போயிருந்தது உண்மை. வயலில் சாட்டையோடு நிற்கக் கூடாது, பெண்களைச் சாட்டையால் அடிக்கக் கூடாது என்பவை அதில் இருந்தன. டெமராராவின் கவர்னர் ஜான் மர்ரே தாமே தோட்டம் வைத்திருந்தவர். உத்தரவு உடனே வெளியிடப்படவில்லை. ஆனால் துரைகளின் சாப்பாட்டு மேசையில் பேசியது பரிமாறியவர்களின் காதில் விழாமலா இருக்கும்? ராஜா விடுதலை கொடுத்துவிட்டார், இவர்கள் மறைக்கிறார்கள் என்று அது தோட்டம் தோட்டமாகப் போயிற்று.

1823 ஆகஸ்ட் 18, திங்கட்கிழமை. எழுச்சி சக்ஸஸ் பக்கத்திலிருந்துதான் கிளம்பியது. முன்னின்றவர் ஜாக். வேலை நிறுத்தம் போதும், ரத்தம் வேண்டாம் என்று தந்தை நிதானப்படுத்தப் பார்த்ததாகத் தெரிகிறது. கிழக்குக் கரையில் பத்தாயிரம் பேருக்கு மேல் கலந்துகொண்டார்கள். அத்தனை பேர் எழுந்தும் கொல்லப்பட்ட வெள்ளையர் இரண்டு மூன்று பேர்தான். மேனேஜர்களைப் பிடித்து, எந்தத் தொழுமரத்தில் தங்களை மாட்டி வைத்தார்களோ அதே தொழுமரத்தில் மாட்டி வைத்ததோடு பெரும்பாலான இடங்களில் நிறுத்திக்கொண்டார்கள். எதிர்த்தரப்பிடம் இந்த நிதானம் தெரியவில்லை. 20-ஆம் தேதி 'பேச்சலர்ஸ் அட்வெஞ்சர்' தோட்டத்தில் கர்னல் லீஹியின் படை கூட்டத்தின் மீது சுட்டது. அந்த ஒரு நாளில் மட்டும் சுமார் இருநூறு பேர் இறந்தார்கள். பிறகு வயல்வெளி விசாரணைகள், உடனடித் தூக்குகள்.

ஜாக்கின் தலைக்கு 1,000 கில்டர் (டச்சு நாணயம்) பரிசு அறிவித்தார்கள். அவர் பிடிபட்டு, மரண தண்டனை பெற்று, அது பிற்பாடு செயின்ட் லூசியா தீவுக்கு நாடு கடத்தலாக மாறியது. குவாமினாவை செப்டம்பர் 16-ல் காட்டில் சுட்டுக் கொன்றார்கள். உடலைக் கொண்டுவந்து சக்ஸஸ் தோட்டத்துக்கு முன்னால், சாலையோரம், சங்கிலியில் கட்டித் தொங்கவிட்டார்கள். போகிறவர் வருகிறவர் பார்க்க வேண்டும் என்பதற்காகவே அப்படியே விட்டுவைத்தார்கள். ஜான் ஸ்மித்தை ராணுவ நீதிமன்றம் குற்றவாளி என்றது. தூக்குத் தண்டனையை நிறுத்தும் அரச உத்தரவு வந்து சேருமுன், 1824 பிப்ரவரி 6-ல் காசநோயால் சிறையிலேயே செத்தார் அவர். இங்கிலாந்தின் மனசாட்சியை உலுக்கியது ஸ்மித்தின் மரணம்தான். குவாமினாவோ சுடப்பட்ட இருநூறு பேரோ அந்த அளவுக்கு உலுக்கவில்லை என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

'மெர்கேட்டர்'

எழுச்சிச் செய்தி வந்த அதே காலத்தில் லிவர்பூல் பத்திரிகைகளில் ஒரு சண்டை நடந்தது. ஜேம்ஸ் க்ராப்பர் என்ற வணிகர், க்வேக்கர் என்ற கிறிஸ்தவப் பிரிவைச் சேர்ந்தவர், அடிமை முறையைத் தாக்கி 'லிவர்பூல் மெர்குரி'யில் எழுதினார். கிளாட்ஸ்டன் 'மெர்கேட்டர்' என்ற புனைபெயரில் 'கூரியர்' பத்திரிகையில் பதில் எழுதினார். லத்தீனில் அந்தப் புனைபெயருக்கு வணிகன் என்று அர்த்தம். அடிமைகள் நல்ல கவனிப்பில் இருக்கிறார்கள், தூண்டிவிடுபவர்கள்தான் கலகத்துக்குக் காரணம் என்பது அவர் கட்சி. க்ராப்பர் இந்தியச் சர்க்கரை வியாபாரி, மேற்கிந்தியச் சர்க்கரை ஒழிந்தால் அவருக்கு லாபம், இது தர்மமா தொழில் போட்டியா என்றும் குத்தினார். குத்து முழுப் பொய் அல்ல. க்ராப்பருக்கு அந்த லாபம் உண்டுதான். ஆனால் கேட்டவரும் கல்கத்தாவுக்குக் கப்பல் விடுபவர்தான் என்பதால் கொஞ்சம் சிரிப்பும் வருகிறது.

கவனித்துப் பார்த்தால் இந்த மனிதரின் வழக்கமே ஒன்று புலப்படும். கலகமா? மிஷனரி காரணம். தோட்டம் சரியில்லையா? ஏஜென்ட் காரணம். மகன் ராபர்ட்சனை 1828-29-ல் நேரில் அனுப்பிப் பார்த்தபோது, இவ்வளவு காலம் நம்பிய கோர்ட் சோம்பேறி, ஏமாற்றுக்காரர் என்று தெரிந்தது. வேலையிலிருந்து நீக்கினார்கள். அவர் மீது சொன்ன குறை நிர்வாகம் கெட்டது என்பதுதான். இத்தனை வருடம் அவர் எழுதிய கடிதங்களை வைத்துத்தானே அடிமைகள் திருப்தியாக இருக்கிறார்கள் என்று ஊருக்குச் சொன்னோம் என்ற யோசனை யாருக்கும் வந்ததாகத் தெரியவில்லை.

சின்ன மகன் வில்லியம், பின்னாளில் நான்கு முறை பிரதமரானவர், 1832-ல் நாடாளுமன்றம் போனார். வ்ரீட்-என்-ஹூப்பில் சர்க்கரை உற்பத்தி ஏற ஏற அடிமைகள் எண்ணிக்கை இறங்குகிறது என்று ஹோவிக் பிரபு அவையில் குற்றம் சாட்டியிருந்தார். 1833 ஜூன் 3-ல் அதற்குப் பதில் சொன்னார் வில்லியம். அவரது முதல் பெரிய உரை அப்பாவின் தோட்டத்துக்கான வக்காலத்து.

ஆளுக்கு இவ்வளவு

1833-ல் அடிமை முறை ஒழிப்புச் சட்டம் நிறைவேறியது. அடிமைகளை வைத்திருந்தவர்களுக்கு 2 கோடி பவுண்ட் நஷ்டஈடு. அப்போதைய அரசின் ஆண்டுச் செலவில் ஏறக்குறைய 40 சதவீதம் அது. அதற்காக வாங்கிய கடனின் மிச்சத்தை பிரிட்டிஷ் அரசு கட்டி முடித்தது 2015-ல்.

வேலைக்காரன், கைத்தொழில் தெரிந்தவன், குழந்தை, கிழம் என்று வகை பிரித்து விலை போட்டார்கள். சந்தை விலையை ஒட்டிய கணக்கு என்பதால் காலனிக்குக் காலனி மாறியது. ஜமைக்காவில் சராசரியாக ஆளுக்குச் சுமார் 20 பவுண்ட், பிரிட்டிஷ் கயானாவில் சுமார் 51 பவுண்ட். மண் வளமாக இருந்து ஆள் தட்டுப்பாடாக இருந்தால் மனிதனுக்கு விலை ஏறும். கிளாட்ஸ்டன் 2,508 பேருக்காகப் பெற்றது 1,06,769 பவுண்ட். மிகப் பெரிய தொகைகள் வாங்கியவர்களில் அவரும் ஒருவர்.

அந்த 2,508 பேருக்குக் கிடைத்தது? 'பயிற்சித் தொழிலாளி' என்ற புதுப்பெயர். 1834 ஆகஸ்ட் 1 முதல் வாரத்துக்கு 45 மணி நேரம் சம்பளமில்லாமல் அதே வயலில் உழைக்க வேண்டும். முப்பது வருடமாக வெட்டியவர்களுக்குக் கரும்பு வெட்ட என்ன பயிற்சியோ! 1840 வரை என்று போட்டது, எதிர்ப்பு வலுத்ததால் 1838-லேயே முடிவுக்கு வந்தது.

கல்கத்தாவின் பதில்

இப்போது அந்த 1836 கடிதத்துக்குத் திரும்பலாம். ஜூன் 6-ல் கல்கத்தாவிலிருந்து பதில் எழுதினார்கள். மொரீஷியஸுக்கு ஏற்கெனவே ஆள் அனுப்பி அவர்களுக்குப் பழக்கம் இருந்தது. 'தாங்கர்' என்ற மலைவாழ் மக்களைச் சிபாரிசு செய்தார்கள். மனிதனைவிடக் குரங்குக்கு நெருக்கமானவர்கள் என்றே இவர்களைப் பற்றிச் சொல்வார்கள், மதம் இல்லை, கல்வி இல்லை, உண்டு குடித்து உறங்குவதைத் தவிர வேறு தேவையும் இல்லை என்று எழுதினார்கள். இன்னொரு வரியும் உண்டு. போகிற இடம் எது, பயணம் எவ்வளவு தூரம் என்பது இவர்களுக்குச் சுத்தமாகத் தெரியாதாம். எச்சரிக்கையாக அல்ல, வசதியாகச் சொன்னது. இதைப் படித்த பிறகு கிளாட்ஸ்டன் பின்வாங்கவில்லை. அரசின் அனுமதி வாங்கினார். 1837 ஜூலையில் அதற்கான ஆணை கிடைத்தது. லிவர்பூல் நண்பர் ஜான் மோஸ் உள்ளிட்ட சில தோட்டக்காரர்களும் சேர்ந்துகொண்டார்கள்.

'விட்பி' என்ற கப்பல் 1838 ஜனவரி 13-ல் 249 பேருடனும், 'ஹெஸ்பரஸ்' 29-ல் 165 பேருடனும் கல்கத்தாவிலிருந்து கிளம்பின. இரண்டும் கயானாவை அடைந்தது மே 5. உயிரோடு இறங்கியவர்கள் 396. பெண்கள் விரல்விட்டு எண்ணும் அளவுதான். ஒரு பகுதியினர் வ்ரீட்-என்-ஹூப்புக்குப் போனார்கள். பழைய அடிமைகள் முழு விடுதலை பெற இன்னும் மூன்று மாதம் இருந்தது. இடைவெளியே விடாமல் ஆள் மாற்றியிருக்கிறார்கள். 'கிளாட்ஸ்டன் கூலிகள்' என்றே இவர்களுக்குப் பெயர் நிலைத்தது. கூலி தமிழ்ச் சொல்தான் என்பவர்கள் உண்டு, குஜராத்தின் 'கோலி' இனப்பெயர் என்பவர்களும் உண்டு. நம்முடைய சொல்லாகவே இருந்தாலும் வேலைக்குக் கொடுக்கும் ஊதியத்தைக் குறித்தது, அந்தக் கப்பல்களில் ஏறியதும் ஆளையே குறிக்க ஆரம்பித்துவிட்டது.

அடிமை எதிர்ப்புச் சங்கத்தின் ஜான் ஸ்கோபிள் 1839-ல் நேரில் போய் விசாரித்தார். அப்போது வ்ரீட்-என்-ஹூப்பில் நடந்தவை வெளியே வந்தன. எலிசபெத் சீசர் என்ற கறுப்பினப் பெண் கொடுத்த வாக்குமூலம் ஒன்று இருக்கிறது. கூலிகளை நோயாளிகள் வீட்டில் அடைத்து வைத்தார்கள். மறுநாள் காலை மேனேஜர் வீட்டுத் தூணில் கட்டி ஒன்பது வார்ச் சாட்டையால் அடித்தார்கள். மேனேஜர் வீட்டுக்குள்தான் இருந்தார். எத்தனை அடி என்று சொல்லத் தெரியவில்லை, போதுமான அளவு அடித்தார்கள், ரத்தம் பார்த்தேன். பிறகு முதுகில் உப்புநீர் தேய்த்தார்கள். கொஞ்ச காலத்துக்கு முன்புவரை அதே அமைப்பில் சிக்கியிருந்தவர், இப்போது மொழி தெரியாத புதியவர்களுக்காகச் சாட்சி சொல்கிறார். இந்த வழக்கு முழுவதிலும் நேரில் பார்த்ததை அப்படியே சொன்ன குரல்கள் குறைவு. இது அவற்றில் ஒன்று.

இதற்காகத் தோட்டத்து மொழிபெயர்ப்பாளர் ஹென்றி ஜேகப்ஸுக்கு அபராதமும் சிறையும் கிடைத்தன. மேலே யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. மிஷனரி, ஏஜென்ட் வரிசையில் இப்போது மொழிபெயர்ப்பாளர். ஒப்பந்தம் முடிவதற்குள் 396 பேரில் ஏறத்தாழ நான்கில் ஒருவர் இறந்திருந்தார்கள். எஞ்சியவர்களில் பெரும்பாலோர் 1843-ல் கப்பலேறி ஊர் திரும்பினார்கள்.

இந்திய அரசு 1839-ல் ஆள் அனுப்புவதைத் தடை செய்தது. தடை நீடிக்கவில்லை. 1845-ல் மீண்டும் தொடங்கியது, இந்த முறை சென்னையிலிருந்தும் கப்பல் போனது. 1917 வரை பிரிட்டிஷ் கயானாவுக்குப் போன இந்தியர்கள் சுமார் 2,39,000 பேர். சென்னையில் ஏறியவர்கள் அதில் சிறு பங்குதான். அவர்களை அங்கே 'மத்ராசி' என்றார்கள். இன்றும் கயானாவில் மாரியம்மனுக்குப் பூசை நடக்கிறது, மேளம் அடித்துச் சாமி வரவழைக்கிறார்கள்.

கிளாட்ஸ்டன் 1840-ஐ ஒட்டி டெமராரா தோட்டங்களிலிருந்து வெளியேறினார். 1846-ல் பாரனெட் பட்டம். 1851-ல் ஸ்காட்லாந்தின் ஃபாஸ்க் மாளிகையில் இறந்தார். 1829-ல் அவர் வாங்கிய எஸ்டேட் அது.

2023 ஆகஸ்ட் 25-ல் அவர் வாரிசுகள் ஆறு பேர் ஜார்ஜ்டவுன் வந்து, கயானா பல்கலைக்கழகத்தில் மன்னிப்புக் கேட்டார்கள். அடிமை முறைக்காகவும், ஒப்பந்தக் கூலி முறைக்காகவும். புலம்பெயர்வு ஆய்வு மையம் ஒன்றுக்கு 1,00,000 பவுண்ட் கொடுத்தார்கள். 1,06,769-க்குப் பக்கத்தில் 1,00,000 வந்து நிற்பது தற்செயலாகவே இருக்கலாம். நடுவில் கிட்டத்தட்ட 190 வருடப் பணவீக்கம் இருக்கிறது. முந்தின நாளே அதிபர் இர்ஃபான் அலி மன்னிப்போடு இழப்பீடும் வேண்டும் என்று சொல்லிவிட்டார். கவர்னர் மர்ரே பெயரில் ஜார்ஜ்டவுனில் இருந்த தெருவுக்கு 1985-லேயே குவாமினா தெரு என்று பெயர் மாற்றிவிட்டார்கள்.

லீத்தில், தான் பிறந்த ஊரில், 1840-களில் கிளாட்ஸ்டன் தன் செலவில் செயின்ட் தாமஸ் தேவாலயம் கட்டிக்கொடுத்தார். சபையார் குறைந்து, கட்டடம் கைமாறியது. 1970-களிலிருந்து அது குருநானக் குருத்வாரா. உள்ளே லங்கரில் பஞ்சாபிலிருந்து வந்தவர்களின் பேரப்பிள்ளைகள் ரொட்டி பரிமாறுகிறார்கள். யார் போனாலும் உட்கார்ந்து சாப்பிடலாம்.